டிரையர் வாங்கும் முன் வீட்டு வயரிங்கைப் பாருங்கள்

துணி உலர்த்தும் டிரையர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோ பிடிக்கும், எத்தனை ஸ்டார், என்ன விலை என்றெல்லாம் நாள்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதை எந்தச் சாக்கெட்டில் மாட்டப் போகிறோம், அந்தச் சாக்கெட்டுக்குப் பின்னால் சுவருக்குள் என்ன தடிமனில் வயர் ஓடுகிறது என்ற யோசனை மட்டும் மெஷின் வீட்டுக்குள் வந்து இறங்கிய பிறகுதான் வரும். வாங்கிவிட்டோமே என்ற அவசரத்தில் கிடைத்த பாயிண்டில் மாட்டி ஓட்டுவதும் அப்போதுதான் நடக்கும். ஆகவே முதலில் வயரிங்கைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சில வீடுகளில் வயரிங்தான் எந்த வகை டிரையர் வாங்கலாம் என்பதையே முடிவு செய்யும்.

டிரையருக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம்? தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு கரண்ட் எடுக்கிறது. ஆனால் கெட்டில் சில நிமிடங்களில் நின்றுவிடும். டிரையரின் ஹீட்டர் ஒரு மணி நேரம், ஈரம் அதிகமாக இருந்தால் அதற்கு மேலும், பெரும்பாலான நேரம் எரிந்துகொண்டே இருக்கும். வயரும் சாக்கெட்டும் சூடாகி, ஆறாமல் அப்படியே நிற்கும். கெட்டிலைப் பல வருடம் தாங்கிய ஒரு பழைய சாக்கெட் டிரையரிடம் ஒரே மாதத்தில் கருகிப்போவதற்கு இதுதான் காரணம்.

ஒரு எல்லைக்கோட்டை இப்போதே போட்டுக்கொள்வோம். பிரேக்கர் பெட்டியின் கதவைத் திறந்து எண்களைப் படிப்பது, பிரேக்கரை ஆன்/ஆஃப் செய்து எது எங்கே போகிறது என்று பார்ப்பது, சாக்கெட்டை வெளியிலிருந்து பார்ப்பது, கணக்குப் போடுவது எல்லாம் நீங்களே செய்யலாம். பெட்டியின் உள் மூடியை ஸ்க்ரூ கழற்றித் திறப்பது எலெக்ட்ரீஷியன் வேலை. மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயரில் அப்போதும் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

மெஷின் எவ்வளவு கேட்கிறது?

ஒவ்வொரு டிரையரிலும் ஒரு விவரத் தகடு இருக்கும். கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் பின்புறம். அதில் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட், சிலவற்றில் ஆம்பியர் என எல்லாம் இருக்கும். வாங்கும் முன் பார்க்க வேண்டுமானால் தயாரிப்பாளரின் கையேட்டில் இதே விவரம் கிடைக்கும். ஆம்பியர் போடவில்லை என்றால் வாட்டை வோல்ட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் சப்ளை உள்ள நாடுகளில் ஹீட்டர் வைத்த சாதாரண டிரையர் 2,000 முதல் 2,800 வாட் வரை எடுக்கும். 2,500 வாட் என்று வைத்துக்கொண்டால் 230ஆல் வகுக்க சுமார் 11 ஆம்பியர். 2,800 வாட்டுக்குச் சுமார் 12.

அமெரிக்கா, கனடாவில் கதை வேறு. அங்கே வீட்டுக்கு 120 வோல்ட் வீதம் இரண்டு ஃபேஸ் வயர் வருகிறது; இரண்டுக்கும் நடுவே 240 வோல்ட். முழு அளவு எலெக்ட்ரிக் டிரையரின் ஹீட்டர் அந்த 240 வோல்ட்டில் ஓடும். மோட்டாரும் விளக்கும் 120இல் ஓடும். 5,400 வாட் மெஷின் 22.5 ஆம்பியர் எடுக்கும். அதற்குத் தனியாக 30 ஆம்பியர் பிரேக்கரும் தனி சாக்கெட்டும் வேண்டும். கேஸ் டிரையர் என்றால் டிரம் சுற்றவும் பற்றவைக்கவும் மட்டும்தான் மின்சாரம்; சாதாரண 120 வோல்ட் சாக்கெட் போதும்.

நாடு மாறி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வாங்கிய டிரையரை இங்கே கொண்டுவந்து, ‘ரெண்டும் ஏறக்குறைய 240 வோல்ட்தானே’ என்று மாட்ட முடியாது. அந்த மோட்டாருக்கு 120 வோல்ட் தனியாக வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50இல் ஒழுங்காக ஓடாது. விற்றுவிட்டு வருவதே மேல்.

பிரேக்கர் பெட்டியில் என்ன பார்ப்பது?

டிரையர் வைக்கப்போகும் இடத்தில் உள்ள சாக்கெட் எந்தப் பிரேக்கரில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு டேபிள் விளக்கை அந்தச் சாக்கெட்டில் மாட்டி எரியவிட்டு, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்தால் போதும். பெட்டியில் ஒட்டியிருக்கும் பட்டியலை நம்பிவிடாதீர்கள். நாலு பேர் கைமாறிய வீட்டில் ‘கிச்சன்’ என்று எழுதியது படுக்கையறைக்குப் போகும். அமெரிக்க பாணி டிரையர் சாக்கெட்டில் மட்டும் விளக்கை மாட்ட முடியாது. அங்கே பெட்டியில் கைப்பிடிகள் சேர்ந்தாற்போல் இருக்கும் 30 ஆம்பியர் இரட்டைப் பிரேக்கர் எது என்று பாருங்கள். இரண்டு தனித்தனி பிரேக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 240 வோல்ட் எடுத்திருந்தால் அது தவறான வேலை. ஒன்று விழுந்தாலும், அதாவது தானாக ஆஃப் ஆனாலும், மற்றொன்று வழியாக மெஷினுக்குள் மின்சாரம் இருக்கும்.

பிரேக்கர் கிடைத்ததும் அதை ஆஃப் நிலையிலேயே வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வேறு என்னென்ன அணைந்திருக்கிறது? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பக்கத்து அறை விளக்கு என்று ஏதாவது அணைந்திருந்தால் அது தனி லைன் இல்லை. டிரையருக்குத் தனி லைன் இருப்பதுதான் நல்லது. குறிப்பாக வாஷிங் மெஷினும் டிரையரும் ஒரே லைனில் இருந்தால் சிக்கல். சுடுதண்ணீரில் துவைக்கும் மெஷின் தானே 2,000 வாட்டுக்கு மேல் எடுக்கும். முதல் சுற்றுத் துணி உலர்ந்துகொண்டிருக்கும்போது அடுத்த சுற்றைத் துவைக்கப் போடுவதுதான் எல்லார் வீட்டு வழக்கமும். இரண்டும் சேர்ந்தால் 20 ஆம்பியர்.

அப்புறம் பிரேக்கரின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். ‘சி16’, ‘பி20’, ‘சி32’ என்பது போல் ஆங்கில எழுத்தோடு ஒரு எண் இருக்கும். எண் ஆம்பியரைச் சொல்கிறது. எழுத்து, திடீரென்று பாயும் பெரிய கரண்டுக்கு அது எவ்வளவு பொறுக்கும் என்பதைச் சொல்கிறது: பி வகை 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கில். டிரையருக்கு இந்த எழுத்து பெரிதாகப் பொருட்டில்லை. எண்தான் முக்கியம், அதுவும் வயரோடு சேர்த்துப் பார்க்கும்போது.

வயர்

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். பிரேக்கர் காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை. டிரையரைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை. வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போனால் இன்சுலேஷன் உருகித் தீப்பிடிக்கும். அதற்குள் லைனைத் துண்டிக்கத்தான் பிரேக்கர் இருக்கிறது. ஆகவே வயரைப் பார்த்துத்தான் பிரேக்கரைப் போட வேண்டும். பிரேக்கரில் 32 என்று எழுதியிருப்பதால் உங்கள் வயர் 32 ஆம்பியர் தாங்கும் என்று அர்த்தம் ஆகிவிடாது. அடிக்கடி விழுகிறது என்று யாரோ ஒருவர் 16ஐக் கழற்றிவிட்டு 32ஐ மாட்டியிருக்கலாம். பழைய வீடுகளில் இதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். டிரையர் வந்த பிறகு பிரேக்கர் விழுந்தால் ‘பெருசா ஒண்ணு போட்டுடலாம் சார்’ என்று யோசனை சொல்லும் ஆளிடம், வயரின் அளவு என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பார்க்காமலே பதில் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

தாமிர வயருக்குப் பொதுவான கணக்கு இது. 1.5 சதுர மி.மீ. வயர் விளக்கு, ஃபேன் லைனுக்கு, டிரையருக்கு வேண்டாம். 2.5 சதுர மி.மீ. வயரில் 16 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கர் இருக்கலாம். 2,500 வாட் டிரையருக்கு இது போதும். தூரம் அதிகம் என்றாலோ, ஒரே குழாயில் நாலைந்து லைன்கள் நெருக்கிப் போகின்றன என்றாலோ 4 சதுர மி.மீ. போடுவது நல்லது. நெருக்கமாக ஓடும் வயர்கள் ஒன்றின் சூட்டை ஒன்று ஏற்றிக்கொள்ளும் என்பதால் தாங்கும் அளவு குறைந்துவிடும். அமெரிக்க அளவில் 30 ஆம்பியர் டிரையர் லைனுக்கு 10 கேஜ் தாமிர வயர் வேண்டும். அது சுமார் 5.3 சதுர மி.மீ. அந்தக் கேஜ் கணக்கில் எண் கூடினால் வயர் மெலியும். 12 கேஜ் வயர் 20 ஆம்பியருக்கு, 14 கேஜ் 15க்கு. 12 கேஜ் வயரில் 30 ஆம்பியர் பிரேக்கரைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிரேக்கர் அதன் எண்ணைத் தாண்டிய நொடியே விழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. எம்சிபி எனப்படும் வீட்டுப் பிரேக்கர்களுக்கான ஐஇசி 60898 என்ற சர்வதேசத் தரவிதிப்படி, எண்ணின் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதாவது 20 ஆம்பியர் எம்சிபி வழியாக 29 ஆம்பியர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் போய்க்கொண்டிருந்தால் அது பழுது கிடையாது, விதிப்படிதான் நடக்கிறது. ஒரு சுற்றுத் துணி காய்வதற்கு அந்த நேரமே போதும். பிரேக்கர் விழவில்லை என்பதை மட்டும் வைத்து எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாததற்கு இதுவே காரணம். அமெரிக்க நடைமுறையில் நீண்ட நேரம் தொடர்ந்து ஓடும் சுமையைப் பிரேக்கர் எண்ணின் 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். 30க்கு 24 ஆம்பியர். இது எந்த ஊருக்கும் பொருந்துகிற நல்ல பழக்கம்.

வயரின் அளவு அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கும். சாக்கெட்டைக் கழற்றினால்தான் தெரியும் என்பதால் இதை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கழற்றும் முன் அவர் பிரேக்கரை ஆஃப் செய்கிறாரா, டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள வேறொரு சாக்கெட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு இதில் பார்த்து, மறுபடி அதில் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். டெஸ்டரே பழுதாகி ‘கரண்ட் இல்லை’ என்று காட்டிவிடக் கூடாது அல்லவா? ஒற்றைப் பிரேக்கர் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். எங்காவது ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் பிரேக்கர் ஆஃப் ஆனாலும் சாக்கெட்டில் உயிர் இருக்கும்.

வயர் வெள்ளி நிறத்தில் இருந்தால் அது அலுமினியமாக இருக்கலாம். வட அமெரிக்காவில் 1960களின் நடுவிலிருந்து 70களின் தொடக்கம் வரை கட்டிய பல வீடுகளில் அலுமினிய வயர் போட்டிருக்கிறார்கள். மற்ற நாடுகளிலும் பழைய கட்டடங்களில் உண்டு. அலுமினியம் சூட்டில் அதிகம் விரிந்து சுருங்கும், அதனால் ஸ்க்ரூ இடத்தில் தளர்ந்துபோகும். மேலே படியும் ஆக்ஸைடு கரண்டைத் தடுக்கும். அதே ஆம்பியருக்கு அலுமினியத்தில் தடித்த வயர் வேண்டும். 30 ஆம்பியருக்கு 8 கேஜ். தாமிரத்தோடு நேராக முறுக்கி இணைத்திருந்தால் டிரையருக்கு அந்த லைனைத் தொடாதீர்கள். பெட்டியிலிருந்து புதிதாக ஒரு தாமிர லைன் இழுப்பதுதான் நிம்மதி.

சாக்கெட், ப்ளக்

சாக்கெட்டின் முகத்தில் பழுப்பு நிறமோ, வளைந்த பிளாஸ்டிக்கோ, மீன் வாடை போன்ற ஒரு நாற்றமோ இருந்தால் அது ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கிறது. ப்ளக்கைச் செருகினால் இறுக்கமாக நிற்க வேண்டும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால் போதும். 11 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 60 வாட் சூடு பிறக்கும். சாக்கெட் டப்பாவுக்குள் ஒரு சாலிடரிங் அயர்னை ஆன் செய்து வைத்ததற்குச் சமம். பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. எனவே சாக்கெட் பழையதாக இருந்தால் யோசிக்காமல் புதிது போட்டுவிடுங்கள். இந்த வேலை முழுவதிலும் மலிவான பகுதி அதுதான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டிப்ளக், 16 ஆம்பியரை 6 ஆம்பியரில் மாட்ட உதவும் கன்வெர்ட்டர் எதுவும் டிரையருக்கு ஆகாது. வயர் எட்டவில்லை என்றால் மெஷினை நகர்த்துங்கள் அல்லது சாக்கெட்டை நகர்த்துங்கள்.

அமெரிக்க பாணி வீடுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பழைய டிரையர் சாக்கெட்டில் மூன்று துளைகள் (அமெரிக்கத் தரப்பெயர் நெமா 10-30), புதியதில் நான்கு (நெமா 14-30). 1996ஆம் ஆண்டு மின்விதித் தொகுப்பிலிருந்து புதிய லைன்களுக்கு நான்கு வயர் கட்டாயம். பழையது இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. மூன்று வயர் முறையில் எர்த் கிடையாது. அதனால் மெஷினின் இரும்பு உடலை நியூட்ரலோடு ஒரு பட்டையால் இணைத்திருப்பார்கள். நான்கு வயர் கேபிள் மாட்டும்போது அந்தப் பட்டையைக் கையேடு சொல்கிறபடி கட்டாயம் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் விட்டால் நியூட்ரல் கரண்ட் எர்த் வழியாகவும் ஓடும். அவசரத்தில் மாட்டிக் கொடுக்கிறவர்கள் விட்டுவிடுகிற வேலை இது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த்தும் ஆர்சிசிபியும்

இரும்பு உடல், ஈரத் துணி, ஈரத் தரை. எர்த் இல்லாமல் டிரையர் மாட்டவே கூடாது. மூன்றாவது துளை இருப்பதாலேயே எர்த் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. பின்னால் வயரே இணைக்காமல் விட்ட சாக்கெட்டுகள் ஏராளம். மல்டிமீட்டரில் அளக்கத் தெரிந்தவர்கள், ‘கேட் 3’ என்ற பாதுகாப்புத் தரமுள்ள மீட்டரும் ப்ரோபும் இருந்தால், இப்படிப் பார்க்கலாம்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 அளவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் இடையே 80, 110 என்று அலைபாய்ந்தால் எர்த் எங்கும் இணையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்க பாணி நான்கு துளை சாக்கெட்டில் இரண்டு ஃபேஸுக்கும் நடுவே 240, ஒவ்வொரு ஃபேஸிலிருந்தும் நியூட்ரலுக்கு 120 இருக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். மீட்டரில் சரியாகக் காட்டினாலும் எர்த் பெரிய கரண்டைத் தாங்குமா என்பது இதில் தெரியாது; அதை எலெக்ட்ரீஷியன்தான் தனிக் கருவியால் பார்க்க வேண்டும்.

பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி, இருக்கிறதா என்று பாருங்கள். ‘டெஸ்ட்’ பட்டனை அமுக்கினால் உடனே விழ வேண்டும். இன்வெர்ட்டர் மோட்டார் வைத்த மெஷின்களுக்கு ‘ஏ’ வகை ஆர்சிசிபி கேட்பார்கள். பழைய ‘ஏசி’ வகை, நேர்மின்னோட்டம் கலந்த கசிவைச் சரியாக உணராது. கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மொத்த லோடு தாங்குமா?

டிரையர் லைன் சரியாக இருந்தாலும் மெயின் தாங்க வேண்டும். ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றைக் கூட்டுங்கள். டிரையர் 2,500, வாட்டர் ஹீட்டர் 2,000, ஏசி 1,500, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000. மொத்தம் 8,000 வாட், 230 வோல்ட்டில் சுமார் 35 ஆம்பியர். மெயின் 40 என்றால் போகும். 32 என்றால் அளவைத் தாண்டிவிட்டது; உடனே விழாவிட்டாலும், இன்னும் ஏதாவது சேர்ந்தால் மழைநாள் காலையில் வீடே இருட்டாகலாம். மின்வாரியத்திடம் வாங்கிய லோடு எவ்வளவு என்பதையும் பில்லில் பாருங்கள். மூன்று ஃபேஸ் வீடு என்றால் மொத்தத்தைப் பார்த்தால் போதாது. டிரையர் எந்த ஃபேஸில் விழுகிறது, அதில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு புது லைன் இழுக்க வழியில்லை, வாடகை வீடு, சுவரை உடைக்க விடமாட்டார்கள் என்றால் ஹீட் பம்ப் டிரையரை யோசியுங்கள். அது சூட்டை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் 1,000 வாட்டுக்குள் முடிந்துவிடுகிற மாடல்கள் நிறைய. நேரம் அதிகம் எடுக்கும், விலையும் கூடுதல். ஆனாலும் பலவீனமான வயரிங்கில் பெரிய ஹீட்டரை ஓட்டுவதைவிட இதையே நான் சொல்வேன். உள்ளே கம்ப்ரஸர் இருப்பதால் கொண்டுவந்து வைத்ததும் ஆன் செய்யாமல், கையேடு சொல்லும் மணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள்.

மாட்டிய பிறகு

முதல் ஓட்டத்தை நீங்கள் வீட்டில் இருக்கும்போது, ஈரமான கனத்த துண்டுகளைப் போட்டு, அதிகச் சூட்டில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து ப்ளக்கையும் சாக்கெட்டின் முகத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள், ப்ளக்கைப் பிடுங்காதீர்கள். பிரேக்கரின் முகத்தையும் அப்படியே தொட்டுப் பார்க்கலாம். மீட்டர் இருந்தால் டிரையர் ஓடும்போது அதே லைனில் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 230 என்று இருந்தது 218க்குக் கீழே போனால் வயர் மெலிது அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

பிரேக்கர் விழுந்தால் எப்படி விழுகிறது என்பதைக் கவனித்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். ஆன் செய்த நொடியே விழுந்தால் ஷார்ட். இருபது, முப்பது நிமிடம் ஓடி விழுந்தால் ஓவர்லோடு, அல்லது பிரேக்கரின் ஸ்க்ரூ தளர்ந்து அதுவே சூடாகிறது. எம்சிபி நிற்க, ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் எங்கோ எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது. அப்போது டிரையரின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். விழாமல் நின்றால் கோளாறு மெஷினில், மறுபடி விழுந்தால் வயரிங்கில். வயரிங் என்றால் எலெக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். விழுந்த பிரேக்கரை ஒரு முறை தூக்கலாம். மறுபடி விழுந்தால் காரணம் தெரியும் வரை தொடாதீர்கள்.

இரட்டைப் பிரேக்கர் வீடுகளில் டிரம் சுற்றும், காற்று வரும், சூடு மட்டும் வராது என்றால் மெஷினைக் குறை சொல்லும் முன் பெட்டிக்குப் போங்கள். இரண்டு ஃபேஸில் ஒன்று போயிருக்கலாம். அப்போது மோட்டாருக்கு 120 கிடைக்கும், ஹீட்டருக்கு 240 கிடைக்காது. பிரேக்கரை முழுதாக ஆஃப் செய்துவிட்டு ஆன் செய்து பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சர்வீஸ் ஆளுக்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.